கேட்க வராதவர்கள்

1966 செப்டம்பரில் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லில் ஒரு தெருவிழா நடந்தது. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்த விழா அது. லாஸ்லெட் கிழக்கு லண்டனில் பிறந்தவர்; தாய் அமெரிக்கப் பூர்வகுடி, தந்தை ரஷ்யர். விழாவுக்குப் பெரிய பணம் எதுவும் இல்லை. மேடம் துஸ்ஸோ மெழுகுச் சிலைக் கூடத்திலிருந்து உடைகளை இரவல் வாங்கினார்கள். அக்கம்பக்கத்துச் சிகை அலங்காரக் கடைக்காரர் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குத் தலைவாரி ஒப்பனை செய்தார். போர்டோபெல்லோ சந்தை வியாபாரிகள் குதிரையும் வண்டியும் தந்தார்கள். தீயணைப்புப் படையும் வந்தது. அயர்லாந்துக்காரர், உக்ரைனியர், ஸ்பானியர், ஆப்பிரிக்கர், கரீபியர் என்று அந்த நெரிசலான, வாடகை கூடிய, சுவரில் ஈரம் ஊறிய வீடுகளில் யார் யார் இருந்தார்களோ அவர்களையெல்லாம் ஒரு வாரம் தெருவுக்கு அழைத்துவருவது லாஸ்லெட்டின் எண்ணம்.

கரீபியப் பங்குக்கு ரஸ்ஸல் ஹென்டர்சன் வந்தார். டிரினிடாட்டுக்காரர், ஜாஸ் பியானோக் கலைஞர். 1951இல் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலைப் படிக்க லண்டனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஏர்ல்ஸ் கோர்ட்டில் கோல்ஹெர்ன் என்ற மதுச்சாலையில் ஞாயிறு மதியங்களில் அவருடைய குழு வாசிக்கும். ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட், ரால்ஃப் செர்ரி முதலியவர்களோடு அவர் விழாவுக்கு வந்து, கழுத்தில் தொங்கவிட்ட, எண்ணெய்ப் பீப்பாயில் செய்த ஸ்டீல் பான்களில் பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விழா சோர்ந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. நடந்து பார்ப்போம் என்று புறப்பட்டுவிட்டார். தெருவின் தடுப்பை நகர்த்திவிட்டு, வாசித்தபடியே வெளியே வந்தார்கள். எந்த வழி என்று முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. திருப்பம் வந்தால் திரும்பினார்கள்.

பின்னாளில் இதை நினைவுகூர்ந்தபோது, கடைக்குப் போய்க் கையில் பையோடு வந்துகொண்டிருந்தவர்கள் கூடவே நடந்தார்கள் என்று ஹென்டர்சன் சொன்னார். எதுவரை போகிறீர்கள் என்று கேட்பார்களாம். சும்மா கொஞ்சத் தூரம் என்று பதில் சொன்னால் அவர்களும் கொஞ்சத் தூரம் வருவார்களாம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் நாட்டிங் ஹில் கார்னிவல் இந்தக் கொஞ்சத் தூரத்திலிருந்துதான் வளர்ந்தது.

அந்தப் பையோடு நடந்தவர்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இசை கேட்கப் புறப்பட்டவர்கள் அல்ல. உருளைக்கிழங்கு வாங்கப் போனவர்கள். அந்த வாத்தியத்தின் பெயர்கூடத் தெரியாதவர்கள் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். அந்தத் தெருக்களுக்கு ஒரு கறையும் இருந்தது. 1958 ஆகஸ்ட் இறுதியில் அங்கேதான் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியர்களை இரவிரவாகத் தேடித்தேடி அடித்தன. 1959 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி அங்கே ஒரு தெருமுனையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு யாருமே தண்டிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட தெருவில் ஏழு ஆண்டுகள் கழித்து அதே மக்களின் வாத்தியம் கேட்கிறது. சன்னல்கள் திறக்கின்றன. யாரோ பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

1958 கலவரத்துக்குப் பின் கிளாடியா ஜோன்ஸ் என்ற டிரினிடாட் பத்திரிகையாளர், 1959 ஜனவரி 30ஆம் தேதி, செயின்ட் பாங்கிராஸ் நகரமண்டபத்தில் கரீபியக் கார்னிவல் ஒன்றை நடத்தினார். பிபிசி அதை ஒளிபரப்பியது. நொந்துபோயிருந்த ஒரு மக்கள்கூட்டம் நிமிர்ந்து நிற்க அந்த மண்டபம் உதவியது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அது ஜனவரிக் குளிரில் கூரைக்குக் கீழே நடந்தது. வந்தவர்கள் வர விரும்பி வந்தவர்கள். கிளாடியா ஜோன்ஸ் 1964இல் இறந்துபோனார். தெருவில் நடந்ததை அவர் பார்க்கவில்லை.

ஓர் இசை இன்னொரு நாட்டில் வேர்பிடிப்பதற்கு அதை நேசிப்பவர்கள் மட்டும் போதாது என்பதே என் எண்ணம். நேசிப்பவர்கள் அதைக் காப்பாற்றுவார்கள், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பார்கள், தவறு வந்தால் சுட்டிக்காட்டுவார்கள். இதெல்லாம் தேவை. ஆனால் அந்த ஊருக்கு அது சொந்தமாவது, கேட்க வராத ஒருவரின் காதில் அது விழுந்து, அவர் நடையை ஒரு கணம் நிறுத்தும்போதுதான். சந்தையும் திருவிழாவும் அந்தக் கணத்துக்கு இடம்தருகின்றன. அங்கே எல்லாரும் வேறு எதற்கோ வந்திருப்பார்கள்.

தமிழ் இசை இந்த நகரத்துக்கு வந்தது நம்மில் பலர் நினைப்பதைவிட மிக முன்னதாக. கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகளை ஒரு பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் செய்து 1838இல் ஐரோப்பாவுக்கு அழைத்துவந்தார். பாரிஸில் ஆடிவிட்டு அந்த இலையுதிர்காலத்தில் அவர்கள் லண்டன் அடெல்ஃபி அரங்குக்கு வந்தார்கள். அம்மணி என்ற இளம்பெண்ணின் பெயர் அன்று ஊரெல்லாம் பேசப்பட்டது. பாரிஸில் பார் என்ற சிற்பி அவளைச் சிலையாக வடித்தார். தியோஃபில் கோத்தியே அவளைப் பற்றி உருகி எழுதினார். கூடவே ராமலிங்கம், தேவநாயகம் முதலிய வாத்தியக்காரர்களும் வந்திருந்தார்கள். சீட்டு வாங்கியவர்கள் மேடை விளக்குகளுக்கு அப்பால் கீழைநாட்டு அதிசயம் ஒன்றைப் பார்த்தார்கள். பெண்களின் கண்ணையும் நகையையும் பற்றி எழுதித் தீராத பேனாக்கள், அவர்களுக்குப் பின்னால் நின்று தாளம் தட்டிய மனிதர்களுக்கு மிகக் குறைந்த வரிகளையே ஒதுக்கின. பருவம் முடிந்தது, அரங்கு வேறு அதிசயத்துக்குப் போனது. அந்த இசையிலிருந்து லண்டனில் எதுவும் தங்கவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஈழத்துப் போர் துரத்திய மக்கள் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

காட்சிக்கு வைப்பது வேறு, ஊரில் உலவ விடுவது வேறு. 1951இல் டிரினிடாட்டிலிருந்து டாஸ்போ என்ற ஸ்டீல் பான் குழு 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' விழாவுக்கு வந்தபோது, அதுவும் காட்சியாகவே முடிந்திருக்கக்கூடும். ஜூலை 26ஆம் தேதி தேம்ஸ் தென்கரையில் அவர்கள் துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்களை இறக்கியபோது கூடியிருந்தவர்கள் நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். வாசிக்கத் தொடங்கியதும் முகங்கள் மாறின. குழுவை நடத்திய ஜோசப் கிரிஃபித் காவல்துறை வாத்தியக்குழுவில் பழகியவர். எல்லா அரைச்சுரங்களும் அமையும்படி பான்களைச் செய்யவேண்டும் என்று வற்புறுத்தி, அந்தக் கருவியின் எல்லையையே விரித்துக்கொடுத்தவர். குழு ஊர் திரும்பியது. ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் திரும்பவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து நாட்டிங் ஹில்லில் ஹென்டர்சனுக்குப் பக்கத்தில் நடந்தவர் அவர்தான். தங்கிவிட்ட ஒருவருக்கு ஒரு நகரம் எவ்வளவு கடன்பட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பீப்பாய்கள் எப்படி வாத்தியமாயின என்பது தடைகளின் கதை. 1880களில் டிரினிடாட்டின் ஆங்கில ஆட்சி ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோல்மேளங்களைத் தெருவில் அடிக்கவிடாமல் சட்டம் போட்டது. 1881 கார்னிவலின்போது போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காவலர்களோடு பெரும் கைகலப்பு நடந்திருந்தது. 1884 அக்டோபரில் சான் ஃபெர்னாண்டோவில், தாசா மேளத்தோடு மொகரம் ஊர்வலம் வந்த இந்தியக் கூலித்தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். அந்த ஊர்வலங்களில் முஸ்லிம்களோடு இந்துக்களும் நடப்பது வழக்கம். மேளம் ஊர்வலமாகிவிடும், ஊர்வலம் கலகமாகிவிடும் என்று ஆட்சி பயந்தது. தோல் போனதும் ஆப்பிரிக்கர்கள் வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். மூங்கிலுக்குப் பிறகு பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, வாகனங்களின் பிரேக் உருளை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எண்ணெய்ப் பீப்பாய் வந்தது. பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் குழியாக்கி, அதற்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து, நெருப்பில் காய்ச்சி, மறுபடியும் சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இன்று அது டிரினிடாட் டொபேகோவின் தேசிய வாத்தியம். ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல் பான் தினமாக 2023இல் அறிவித்தது.

நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றும் வாத்தியம் ஒன்று நமக்கும் உண்டு. வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டிய பறை. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அதன் சூட்டில் தோலை விறைக்கவைத்து, இடதுகையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, வலதுகையில் குட்டையான அடிக்குச்சி என்று பிடித்து அடிப்பது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போன தமிழ்க் கூலித்தொழிலாளர்கள் அதைத் தப்பு என்ற பெயரோடு கரீபியனுக்கும் கொண்டுபோனார்கள். கயானாவிலும் டிரினிடாட்டிலும் மாரியம்மனையும் காளியையும் கும்பிடும் கோயில்களில், தமிழ்ப் பேச்சு மறைந்த பிறகும், தப்பு இன்னும் அடிக்கப்படுகிறது. ஸ்டீல் பானுக்குத் தப்பு மூதாதை என்று நான் சொல்ல வரவில்லை. பானின் வழித்தடம் ஆப்பிரிக்கர்களுடையது. அதில் பங்கு கேட்பது அநியாயம். ஒரே தீவில், ஒரே கரும்புத்தோட்டப் பொருளாதாரத்தின் கீழ், இரண்டு மக்கள்கூட்டங்களின் மேளங்களும் ஒரே அதிகாரத்தின் காதை உறுத்தின என்பதை மட்டும் நினைவில் வைக்கிறேன்.

கேட்க வராதவர் காதில் விழுந்தால் போதும் என்று மேலே சொன்னதற்குப் பறையே பெரிய மறுப்பாகவும் நிற்கிறது. ஊரில் பறை கேட்காதவர் யார்? அதைக் கேட்க ஒருவரும் எங்கேயும் போகவேண்டியதில்லை. சாவு வீட்டிலிருந்து புறப்பட்டால் குறிச்சி முழுக்கக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டதும் ஆர் செத்தது என்றுதான் முதல் கேள்வி வரும். அடித்தவரின் கையில் எத்தனை நடை இருந்தது, எந்த இடத்தில் தாளத்தைத் திருப்பினார் என்று கேட்க அந்தக் காதுகளுக்குப் பொறுமை இருக்கவில்லை. அடித்தவர் திண்ணைக்குக் கீழே நின்றார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகப் போராடவேண்டியிருந்த மண் அது. காதில் விழுவதற்கு முன்பே இன்னாருடைய மேளம், இன்ன காரியத்துக்கானது என்று முடிவாகிவிட்டிருந்தது. தமிழ்நாட்டில், சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த இளைஞர்களும் சரி, அதையே தோளில் ஏற்றி மேடைக்கு வந்தவர்களும் சரி, எதிர்த்து நின்றது இந்தக் காதுகளை. திண்டுக்கல்லின் சக்தி கலைக் குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா நடந்தபோது, பூங்காவில் காலை நடைக்கு வந்தவர்கள் முன் பறை ஒலித்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. இந்தப் பயணம் எவ்வளவு நீளம் என்பது பறை அடித்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

லண்டனில் இப்போது பொங்கல் விழாக்களில் பறை கேட்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகள் சலங்கை கட்டி, நின்று, குனிந்து, வட்டமாகச் சுழன்று அடிக்கிறார்கள். மண்டபங்களில் நெருப்பு மூட்டினால் புகை அபாயமணி அடித்துவிடும். அதனால் செயற்கைத் தோல் பூட்டிய பறைகளும் புழங்குகின்றன. அந்த ஒலி தோலின் ஒலிக்கு ஈடாகாது. ஆனாலும் நகரமண்டபத்து வாசலில் பிள்ளைகள் அடிக்கத் தொடங்கியதும், பேருந்துக்கு நிற்கும் ஆப்பிரிக்கப் பெண்ணோ போலந்துக்காரரோ தலையைத் திருப்பும்போது, அந்தக் காதுக்குள் சாதி இல்லை. இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. நம்முடைய ஊர் பல நூற்றாண்டுகளாகத் தர மறுத்த ஒன்றை, தாளத்தைத் தாளமாகக் கேட்கும் எளிய மரியாதையை, பேருந்துக்கு நிற்கிறவர் தன்னை அறியாமலே கொடுத்துவிடுகிறார். அதேசமயம், அவருக்குத் தெரியாத அந்த வரலாற்றை நாமும் தெரியாததுபோல விட்டுவிட்டு, தமிழர் அனைவருக்கும் பொதுவான ஆதி இசை என்று ஒரு வரியில் பெருமை பேசிக் கடந்துபோனால், அதை அடித்ததற்காக அவமானப்பட்ட குடும்பங்களிடமிருந்து இரண்டாம் தடவையும் எடுத்துக்கொள்கிறோம். பறை கற்கும் லண்டன் பிள்ளைக்கு நடைகளோடு அந்தக் குடும்பங்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

இதன் மறுபக்கத்தை, வேறொருவரின் வாத்தியம் நம் காதில் விழுவதை, ஒரு பள்ளிக்கூடக் கோடைச் சந்தையில் பார்த்தேன். கிழக்கு லண்டனில் ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. ஊதிப் பெருத்த பிளாஸ்டிக் கோட்டையில் பிள்ளைகள் குதிக்க, பழைய புத்தகம் ஒரு மேசையில், நம்மவர்களின் ரோல்ஸும் வடையும் இன்னொரு மேசையில். லண்டன் பள்ளிகளில் ஸ்டீல் பான் கற்றுக்கொடுப்பது 1970களிலேயே பரவிவிட்டது. கல்வி நிர்வாகமே ஆசிரியர்களை அமர்த்தியது. அந்தப் பள்ளியிலும் ஒரு குழு இருந்தது. கரீபியப் பிள்ளைகளோடு வங்காளப் பிள்ளைகள், ருமேனியப் பிள்ளைகள், நடுவில் நம்முடைய பையன் ஒருவன். அவனுடைய அம்மம்மா வடை மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். அளவெட்டிப் பக்கத்து மனிசி. அவன் வாசிக்கப்போகிறான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் சில அடிகள் விழுந்ததும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உது என்ன பிள்ளை, எண்ணெய்ப் பீப்பாவே?" என்று மகளிடம் கேட்டார்.

"ஓம் அம்மா. அதைத்தான் அடிச்சு அடிச்சுச் செய்யிறவை."

கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். பிறகு, "மேளமும் நாயனமும் ஒண்டுக்குள்ளயே கிடக்கு" என்றார்.

இந்த வாத்தியத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சரியான ஒரு வரி இல்லை. அடித்து எழுப்பும் கருவி. ஆனால் ராகம் பாடும். தாளத்துக்கு ஒருவர், சுரத்துக்கு ஒருவர் என்று பிரிக்கத் தேவையில்லாத கருவி. அவர் அளவெட்டி என்பதை மறந்துவிடக்கூடாது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரோடும் நாதஸ்வரக் கலைஞர் என்.கே. பத்மநாதனின் பெயரோடும் சேர்ந்த ஊர். திருவிழா இரவுகளில் கோயில் வீதி மணலில் குந்தியிருந்து விடிய விடிய மேளச் சமா கேட்ட காது அது. முன்பின் தெரியாத ஒன்றைக் கேட்டதும் தன் ஊரின் மிகச் சிறந்ததோடு வைத்து நிறுத்துப் பார்த்தது. அந்நிய வாத்தியம் என்று தள்ளவுமில்லை, பேரன் வாசிப்பதால் நல்லது என்று சலுகை காட்டவுமில்லை. மணலில் கேட்டுப் பழகிய காது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாதஸ்வரமும் தவிலும் பிறவியிலேயே வெளிவீதி வாத்தியங்கள். சாமி வாசலைத் தாண்டும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதன்பின் வீதிக்கு வீதி நின்று ராக ஆலாபனை. ஆச்சா மரக் குழலும் நாணல் சீவாளியும் அவ்வளவு தூரம் எறியும் ஒலி, பலாமரத் தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் கிளப்பும் வெடிப்பு, எல்லாம் நான்கு வீதிக்கும் கேட்கவேண்டும் என்று அமைந்தவை. தோடியைத் தோடி என்று அறியாமலே தன் வீட்டுப் படலையில் நின்று ஒரு மணி நேரம் தோடி கேட்ட கோடிக்கணக்கான மனிதர்கள் நம் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். சபாக்கள் வந்தபிறகு இசை நுணுக்கமானது, அதில் சந்தேகமில்லை. கேட்கும் காதுகளின் வகை மட்டும் சுருங்கியது. லண்டனில் அந்தச் சுருக்கம் இன்னும் கூடுதல். சனிக்கிழமை வகுப்பு, வாடகை அரங்கில் அரங்கேற்றம், அழைப்பிதழ், கார் நிறுத்த இடம், மேடையில் பூமாலை, பார்வையாளரில் அனேகமாக எல்லாரும் உறவினரும் உறவினரின் நண்பரும். பிள்ளைகள் உழைக்கும் உழைப்பு உண்மையானது, குருமாரின் அர்ப்பணிப்பு பெரியது. அத்தனையும் ஒரு கதவுக்குள் நடந்து முடிகிறது. அதே தெருவில் குடியிருப்பவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறக்கிறது. ஆகஸ்டில் மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேரேறி வெளியே வருகிறாள். சாப்பல் ரோடு என்ற அந்தச் சின்னத் தெருவில் கிறிஸ்தவத் தேவாலயமாகக் கட்டப்பட்ட கட்டடம் இன்று அவளுடைய கோயில். ஆயிரக்கணக்கில் சனம். காவடி, கற்பூரச் சட்டி, சிதறும் தேங்காய், தண்ணீர்ப்பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணியும், ஓரங்களில் காப்பும் மாலையும் விற்கும் கடைகள். ஊரின் திருவிழாச் சந்தை அப்படியே. தேருக்கு முன்னால் தவில்களும் நாதஸ்வரங்களும். அங்கே நான் தேரைவிட அதிகம் பார்ப்பது இரண்டு பக்கத்து வீடுகளின் சன்னல்களை. மேல்மாடியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் தந்தை. வாசற்படியில் தேநீர்க் கோப்பையோடு ஒரு முதியவள். சைக்கிளை உருட்டியபடி வந்து வழி மறிபட்டு நின்றுவிட்ட இளைஞன். இவர்கள் யாருக்கும் மல்லாரி தெரியாது. ஆனால் தவிற்காரர் முத்தாய்ப்பு வைத்து முடிக்கும்போது அந்த இளைஞனின் தலையும் சேர்ந்து இறங்குகிறது. அதே மாதக் கடைசியில், அங்கிருந்து சில மைல் தூரத்தில், கார்னிவல்.

கார்னிவலைக் கொண்டாடி மட்டும் எழுதிவிடவும் மனம் வரவில்லை. 1970களில் அங்கே ஒலிபெருக்கி அடுக்குகள் வந்தன. ஜமைக்க ரெக்கே இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கூட்டிவந்தது. கார்னிவலை லண்டனின் மிகப் பெரிய தெருவிழா ஆக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் மின்சாரம் இல்லாத பான், ஆள் உயர ஒலிபெருக்கிகளுக்கு நடுவே தன் குரலைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரும்பாடு படுகிறது. ஸ்டீல் பான் குழுக்களின் பனோரமா போட்டி சனிக்கிழமை இரவு ஒரு பூங்காவில் தனியாக நடக்கிறது. எபனி, மாங்ரோவ், மெட்ரோனோம்ஸ் என்று பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து வந்து மயிர்க்கூச்செறிய வாசிக்கின்றன. அங்கே போகிறவர்கள் பான் கேட்கவென்றே போகிறவர்கள். அந்த முதல் நடையைத் தொடங்கிய ஹென்டர்சன் 2015இல், தொண்ணூற்றொரு வயதில் காலமானார். தெருவில் தற்செயலாகத் தொடங்கியதன் உயிரான வாத்தியம், அதே தெருவில் தற்செயலாகக் கேட்பது அரிதாகிவருகிறது. ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் தொடங்கிய நாஸ்டால்ஜியா போன்ற குழுக்கள் இன்றும் பானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதை நான் மிக மதிப்பது இதனால்தான்.

நம் தேர்களிலும் இதே ஆபத்து நுழைந்திருக்கிறது. லண்டன் ஊர்வலங்கள் பலவற்றில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் பதிவுசெய்த பக்திப் பாட்டு வருகிறது. குழலும் பாட்டும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. வீதி மூடும் அனுமதி இத்தனை மணிக்குள் முடிகிறது என்பதால் தேர் நிற்காமல் நகர்கிறது. நடந்துகொண்டே வாசிக்கும் நாதஸ்வரக்காரருக்கு ராகத்தை விரிக்க இடம் கிடைப்பதில்லை. தெரிந்த கீர்த்தனையின் பல்லவியை எடுத்து, அது பிடிபடுவதற்குள் அடுத்ததற்குப் போகிறார். யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் விமானச் செலவு செய்து வரவழைத்த கலைஞர்கள் இவர்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், தெருமுனையில் இருபது நிமிடம் கொடுப்பதில்லை.

கோயில் நிர்வாகங்கள் நகரசபையோடு உட்கார்ந்து வீதி அனுமதி பேசும்போது இதையும் பேசலாம். ஊர்வலப் பாதையில் இரண்டு மூன்று சந்திகளில் தேர் நிற்கட்டும். பாட்டு வண்டி அந்நேரம் வாயை மூடட்டும். முதல் சந்தியில் ஒரு ராகம், முழுதாக. இரண்டாவதில் தவில்கள் மட்டும், தனி. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்று அந்தத் தெருவாசிகளுக்கு முன்கூட்டிச் சொல்லவும் தேவையில்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறவர் வரட்டும். கோடையில் லண்டனின் ஒவ்வொரு வட்டாரத்திலும் பூங்காச் சந்தை நடக்கிறது, பள்ளிக்கூடச் சந்தை நடக்கிறது. அங்கெல்லாம் நம் அமைப்புகள் கேட்டால் மேடையில் ஒரு நேரம் கொடுக்கத்தான் செய்கிறார்கள், நாமும் பெரும்பாலும் ஒரு சினிமாப் பாட்டு நடனத்தை அனுப்பிவைக்கிறோம். அடுத்த முறை ஒரு தவிலையும் ஒரு நாதஸ்வரத்தையும் அனுப்புவோம். பறையையும் அனுப்புவோம். மேடை வேண்டாம், புல்தரையில் நின்று வாசிக்கிறோம் என்று சொல்லலாம்; ஏற்பாட்டாளர்களுக்கு அது வேலையும் குறைவு.